இல்லை என்று சொல்லப் போனவர்

அன்று மத்தியானம் அப்பா நனைந்து வந்தார். மழை இல்லை. தை மாதம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது.

சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். காக்கிச் சட்டை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது. முடியிலிருந்து வழிந்த நீர் மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது. தபால் பை மட்டும் காய்ந்திருந்தது. எப்படியோ அதை முதுகுப் பக்கம் தள்ளிக் காப்பாற்றியிருக்கிறார்.

அம்மா வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் பிளஸ் டூ புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, அவள் உரித்த கடலையைத் தின்றுகொண்டிருந்தேன்.

“இன்னாங்க இது? எங்கனா வுழுந்துட்டீங்களா?”

“வுழல.”

“அப்புறம் இன்னா?”

“தண்ணி.”

“தண்ணின்னு தெரியுது. யாரு ஊத்துனது?”

அப்பா சட்டையைக் கழற்றி முறுக்கிப் பிழிந்தார். கொடியில் போட்டு, மடிப்பு விழாமல் இரண்டு கையாலும் நீவிவிட்டார். தலையைத் துவட்டிச் சீவிக்கொண்டார். பிறகு சாப்பிட உட்கார்ந்தார்.

“கேக்கறேன்ல?”

“சோத்தப் போடு மேரி.”

நாலு வாய் சாப்பிட்டிருப்பார். தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். பட்டாளத்தில் இருந்தவர்கள் தட்டில் மிச்சம் வைக்க மாட்டார்கள். அப்பா சோற்றை மிச்சம் வைத்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

அம்மா அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

அம்மாவின் நிபந்தனை

இந்தத் தொடரை ஆரம்பித்த நாளிலிருந்து அப்பாவைப் பற்றி எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன். பள்ளிக்கூடம், ஹாஸ்டல், நான் வேலைக்குச் சேர்ந்த முகையூர்ப் பக்கத்துப் பள்ளி என்று சுற்றிச் சுற்றி வந்தேன். அம்மா வாராவாரம் என் மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்பாள். போன வாரம் கேட்டு முடித்ததும் சொன்னாள்.

“அவரப் பத்தியும் எழுது. எழுதாம விட்டா நல்லா இருக்காது. ஆனா பெரிய ஆளாட்டம் காட்டாத. அவரு அப்படி ஒண்ணும் இல்ல.”

அம்மா சொன்னது சரிதான். அப்பா பெரிய ஆள் இல்லை. பெயர் சவரிமுத்து. ஒலக்கூர்ப் பக்கத்தில், மல்லாட்டை பிடுங்கியும் நெல் அறுத்தும் பிழைத்த குடும்பம். சொந்த நிலம் என்று ஒரு கை மண் கிடையாது. விழுப்புரத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, ஓட்டப்பந்தயம் மாதிரி ஏதோ வைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு நான்கு பேர் போயிருக்கிறார்கள். மற்ற மூன்று பேர் திரும்பி வந்துவிட்டார்கள். அப்பா திரும்பவில்லை.

அதன் பிறகு எங்கள் வீடு மிலிட்டரிக்காரன் வீடு. லீவில் வந்தால் தெருவே வாசலில் நிற்கும். பாதிப் பேர் அப்பாவைப் பார்க்க. மீதிப் பேர் கேன்டீன் பாட்டிலைப் பார்க்க. அப்பாவுக்குக் குடிப் பழக்கம் இல்லை. கொண்டுவந்ததெல்லாம் என் மாமாவுக்குத்தான் போகும். மாமா அதைக் குடித்துவிட்டுத் தெரு நடுவில் நின்று சல்யூட் அடிப்பார். சண்டைக்குப் போய் வந்தது அவர்தான் என்று நினைக்கத் தோன்றும்.

இடது காது

அப்பாவுக்கு இடது காது கேட்காது. அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். பக்கத்தில் போய்த் தோளைத் தொட வேண்டும். தொட்டால் தூக்கிவாரிப் போடும். அதனால் வீட்டில் நாங்கள் எல்லோரும் அவருக்கு வலப் பக்கமாகவே நடப்போம், உட்காருவோம். இன்றைக்கும் யாரோடு நடந்தாலும் நான் வலப் பக்கமாகத்தான் போய்ச் சேர்ந்துகொள்கிறேன்.

அந்தக் காது போனது இலங்கையில். எண்பதுகளின் கடைசியில் நம் பட்டாளம் யாழ்ப்பாணத்துக்குப் போனபோது அப்பாவும் போனார். அவருக்கு மார்ட்டர் வேலை. நிமிர்த்தி வைத்த ஒரு இரும்புக் குழாயில் குண்டை மேலிருந்து நழுவ விட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். குண்டு மேலே எழும்பிப் போய், கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் விழும். சண்டை இல்லாத நாட்களில் அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. தமிழ் தெரிந்தவர் என்பதால் ரோட்டு முக்கில் நிறுத்தி, வருகிற போகிற ஜனங்களோடு பேசச் சொல்வார்கள்.

திரும்பி வந்தபோது வாசலில் தெரு நிற்கவில்லை. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்காரர், முன்பெல்லாம் காசு வாங்க மாட்டேன் என்று அடம் பிடித்தவர், டீயை வைத்துவிட்டுக் கேட்டாராம்.

“இன்னா சவரி, நம்ம ஜனத்தயே சுட்டுட்டு வந்துக்கீறியா?”

அப்பா டீயைக் குடித்தாரா என்று அம்மாவைக் கேட்டேன். அதைச் சொல்லவில்லையாம்.

அப்புறம் சில வருடங்கள் வடக்கே எங்கெங்கோ இருந்துவிட்டுப் பட்டாளத்தை விட்டு வந்தார். முன்னாள் ராணுவத்தினருக்கான இடத்தில் தபால்காரர் வேலை கிடைத்தது. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற ரோட்டில் ஒரு சின்ன தபால் நிலையம். அதற்குப் பக்கத்திலேயே வாடகைக்கு வீடு பிடித்தோம்.

அவர் தினமும் தபால் கொடுத்து வர வேண்டிய பீட்டில் நாலு ஊரும் ஒரு அகதி முகாமும் இருந்தன.

கையில் வாங்குகிறவர்கள்

அகதி முகாம் என்றால் வரிசையாக ஒற்றை அறை வீடுகள். வரிசைக்கு ஒரு குழாய். அத்தனை பேரும் இலங்கையிலிருந்து படகில் வந்தவர்கள். ஆண்கள் பெயின்ட் வேலைக்கும், பெண்கள் உப்பளத்துக்கும் போவார்கள். வாசலில் ஒரு அதிகாரி இருப்பார். வெளியே போய் வர அவரிடம் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு அந்த இடம் பிடித்துப் போனது. காரணத்தை ஒரு நாள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஊர்ல ரெண்டு வகைதான் மேரி. கையில வாங்கறவங்க, ஜன்னல்ல வச்சுட்டுப் போன்னு சொல்றவங்க. கேம்ப்ல எல்லாரும் கையில வாங்கறாங்க. தம்பின்னு கூப்புடறாங்க. நம்ம யாருன்னு கேக்கறதில்ல.”

ஊரில் எந்தெந்த வீடு ஜன்னல் வீடு என்று எனக்கும் தெரியும். அப்பா கோபமாகச் சொல்லவில்லை. எந்த வீட்டில் நாய் கடிக்கும் என்று சொல்வது போலச் சொன்னார்.

முகாமில் நாகேஸ்வரி என்று ஒரு அம்மா. புருஷன் யாழ்ப்பாணத்தில் இறந்துவிட்டார். பதினெட்டு வயது மகன் சுதன் வர மறுத்து அங்கேயே நின்றுவிட, இவர் மட்டும் அக்கம்பக்கத்தாரோடு படகேறியிருக்கிறார். மகனிடமிருந்து எப்போதாவது ஒரு கடிதம் வரும். கடிதத்தைக் கொண்டுபோகிற நாளில் அப்பாவை விடமாட்டார். பால் சேர்க்காத தேநீர் போட்டு, ஒரு துண்டு கருப்பட்டியைக் கையில் கொடுத்துக் கடித்துக்கொண்டு குடிக்கச் சொல்வார். அவர் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை அப்பா உட்கார்ந்திருக்க வேண்டும். முடித்ததும், “சுகமாம் தம்பி” என்பார். அதைக் கேட்ட பிறகுதான் அப்பா எழுந்து போகலாம்.

ஒரு சொல்

அப்பா நனைந்து வந்த நாளுக்கு வருகிறேன். இதை அவர் எனக்குச் சொன்னது எத்தனையோ வருடங்கள் கழித்து, விழுப்புரத்தில் என் வீட்டில் படுத்திருந்தபோது.

அன்று கடிதம் இருந்தது. நாகேஸ்வரி குழாயில் குடம் நிரப்பிக்கொண்டிருந்தார். கடிதத்தை வாங்கி, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பிரித்தார். மகன் தங்கள் பழைய வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததாக எழுதியிருந்தான். சந்தோஷத்தில் அந்த வீடு எங்கே இருந்தது என்று அப்பாவுக்கு விவரிக்க ஆரம்பித்திருக்கிறார். பஸ் போகிற ரோடு, முக்கில் ஒரு கோயில், கோயிலைத் தாண்டி ஊர் வாசகசாலை.

அப்பா சொன்னார்: “வாசகசாலைக்கு எதிர்ல வளைஞ்சு போவுமே, அந்த ஒழுங்கையாம்மா?”

நம் பக்கத்தில் சந்து என்போம். ஒழுங்கை என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். அது அவர்கள் ஊர்ச் சொல். ரோட்டு முக்கில் நின்ற மாதங்களில் அப்பாவின் வாயில் ஒட்டிக்கொண்டது.

நாகேஸ்வரி கடிதத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

அப்பா தபால் பையை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டார்.

“தம்பி, கேக்கிறனெல்லே? நீங்கள் அங்கை வந்தனீங்களோ?”

“வந்தேம்மா.”

“ஆமியிலயோ?”

“ஆமாம்மா. மிலிட்டரில இருந்தேன்.”

குடத்தைத் தூக்கி அவர் அப்பாவின் தலையில் ஊற்றவில்லை. முகத்தில் வீசினார். முழுக் குடம். குழாயடியில் இருந்த பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒரே ஒரு கிழவர் மட்டும் தரையில் கிடந்த அப்பாவின் தொப்பியை எடுத்துத் தட்டிக் கொடுத்தாராம்.

“இனி என்ர வீட்டு வாசலுக்கு வராதேங்கோ. கடிதம் வந்தா அந்தக் கல்லில வைச்சுப் போட்டுப் போங்கோ” என்று நாகேஸ்வரி சொன்னார்.

கல்லில் வைத்துவிட்டுப் போ. ஊரில் கேட்டுப் பழகிய பேச்சுதான். அதை முகாமில் கேட்க வேண்டி வரும் என்று அப்பா நினைத்திருக்கவில்லை.

பீட்டை மாற்றவில்லை

விஷயம் போஸ்ட் மாஸ்டர் காதுக்குப் போனது. நல்ல மனிதர். அப்பாவைக் கூப்பிட்டு, வேறு பீட் தருகிறேன், முகாமுக்கு வேறு ஆளை அனுப்புகிறேன் என்றார். அப்பா வேண்டாம் என்றுவிட்டார்.

அம்மாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அதற்குள் அவளுக்கும் பாதி விஷயம் தெரிந்திருந்தது.

“இன்னா வீம்பு இது? தண்ணி ஊத்துனவங்க நாளைக்குக் கல்லத் தூக்கிப் போட்டா இன்னா பண்ணுவீங்க?”

“போட்டா போடட்டும்.”

“நீங்களா ஆசப்பட்டுப் போனீங்க? அனுப்புனாங்க, போனீங்க. அதச் சொல்லிட்டு வரவேண்டியதுதானே?”

“அத அவங்ககிட்ட எப்படி மேரி சொல்றது?”

அடுத்த நாளும் போனார். அதற்கடுத்த நாளும் போனார். நாகேஸ்வரிக்குக் கடிதம் இருந்தால் கல்லில் வைத்து, காற்றில் பறக்காமல் மேலே ஒரு ஓட்டுச் சில்லை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். அப்பா கண்ணுக்கு மறைந்த பிறகுதான் நாகேஸ்வரி வெளியே வந்து எடுப்பார். படித்ததும் சுகமா இல்லையா என்று சொல்ல ஆளில்லை. அப்பாவுக்கு அதுதான் பெரிய குறையாக இருந்தது. “பையன் எப்படிக்கீறானோ தெரியல” என்று அம்மாவிடம் சொல்வார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இப்படியே வருடங்கள் ஓடின. நான் டீச்சர் டிரெயினிங் முடித்தேன். கல்யாணமாகி விழுப்புரம் வந்தேன். அப்பா சைக்கிளை விட்டு மொபெட்டுக்கு மாறினார்.

வெறும் பை

அங்கே கடைசிச் சண்டை நடந்த மாதங்கள் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். டிவியில் தினமும் வரைபடம் காட்டுவார்கள். அதில் ஒரு சின்ன இடம் நாளுக்கு நாள் இன்னும் சின்னதாகிக்கொண்டே போகும். சுதன் அந்தச் சின்ன இடத்துக்குள் இருந்தான்.

முகாமுக்குக் கடிதங்கள் நின்றுபோயின. பீட்டில் மற்ற ஊர்களுக்குத் தபால் இருக்கும். முகாமுக்கு ஒன்றுகூட இருக்காது. தபால் இல்லாத இடத்துக்குத் தபால்காரர் போக வேண்டியதில்லை. அப்பா போனார்.

அந்த நாட்களில் பள்ளி விடுமுறைக்கு நான் வந்திருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் அவர் முகாமிலிருந்து வந்து மொபெட்டை நிறுத்தியபோது அம்மா கேட்டேவிட்டாள்.

“ஒரு தபாலும் இல்ல. எதுக்குப் போறீங்க அங்க? வெயில்ல சுத்திக்கினு.”

“அத்தினி பேரும் கேம்ப் வாசல்ல நின்னுக்கினு இருக்காங்க மேரி. நான் வரலன்னா, தபால் இல்லயா, இல்ல தபால்காரன்தான் வரலயான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? இல்லன்னு சொல்றதுக்காவது ஒருத்தன் போவணும்ல?”

வாசலில் நின்றுகொண்டு பொதுவாகச் சொல்லிவிட்டு வருவதில்லை. வீடு வீடாகப் போய், “இன்னிக்கு இல்லம்மா”, “இன்னிக்கு இல்லண்ணே” என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வார். சிலர் திட்டுவார்கள். சிலர் கதவைத் திறக்கவே மாட்டார்கள். நாகேஸ்வரி வீட்டு முன்னால் மட்டும் நிற்காமல் கடந்துவிடுவார்.

ஒரு நாள் அப்படிக் கடந்து போகும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

“எனக்கு?”

அந்தக் குடத்துக்குப் பிறகு அவர் அப்பாவிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“இல்லம்மா” என்றார் அப்பா.

“சரி.”

அடுத்த நாளும் அதே கேள்வி, அதே பதில். வைகாசி மாதம் சண்டை முடிந்துவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். சிலருக்குப் பிற்பாடு தகவல் வந்தது. முள்கம்பி போட்ட முகாம்களிலிருந்து, ஆஸ்பத்திரிகளிலிருந்து. சுதனைப் பற்றி நல்லதும் வரவில்லை, கெட்டதும் வரவில்லை. கூட இருந்தேன் என்று சொல்லக்கூட ஒரு ஆள் அகப்படவில்லை.

கேட்டது ஒரு பொய்

அந்த வருடத்து மழைக்காலத்தில் ஒரு நாள் நாகேஸ்வரி வாசலில் பலகையைப் போட்டு, “இருங்கோ” என்றாராம். தேநீர் இல்லை, கருப்பட்டி இல்லை. அப்பா உட்கார்ந்தார். இதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். பக்கவாதத்தில் நாக்கு இழுத்துக்கொண்டிருந்ததால் சொல்லி முடிக்க ஒரு மத்தியானம் முழுக்க ஆனது.

“ஒண்டு கேக்கிறன். உண்மை சொல்லுவியளோ?” என்றார் நாகேஸ்வரி.

“கேளுங்கம்மா.”

“என்ர மனுசன் ஷெல் விழுந்து செத்தவர். விடியக் காலமை, மாட்டுக்கு வைக்கல் போடேக்கை. தூக்கிக் கொண்டுபோகக்கூட நேரமில்லை. வளவுக்குள்ளேயே கிடங்கு வெட்டித் தாட்டுப்போட்டு ஓடினனாங்கள். பிறகு போய்ப் பாத்தா இடமே தெரியேல்லை. அது உங்கட ஷெல்லோ?”



“தெரியாதும்மா. எங்களுக்கு நம்பருதான் சொல்லுவாங்க. அதுக்கு ஏத்த மாதிரி திருப்பி வச்சுப் போடுவோம். எங்க போயி வுழுந்துதுன்னு ஒரு தபா கூடப் பாத்ததில்ல. ரெண்டு பக்கமும்தான் போட்டுக்கினு இருந்தாங்க.”

“அப்ப, நான் போட்டதில்லை எண்டு சொல்லுங்கோவன்.”

“சொல்ல முடியலம்மா. எனக்குத் தெரியாது.”

நாகேஸ்வரி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

“இல்லையெண்டு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பன்.”

சொல்லிக்கொண்டு வந்த அப்பா இந்த இடத்தில் அழுதார். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டதால், அழுகிறாரா, இன்னும் பேச முயல்கிறாரா என்று எனக்கு முதலில் புரியவில்லை.

“ஒரு பொய்தான் பாப்பா கேட்டாங்க. அத என்னால குடுக்க முடியல.”

அதற்குப் பிறகும் அவர் போவதை நிறுத்தவில்லை. நாகேஸ்வரியும் வராதே என்று சொல்லவில்லை. “எனக்கு?” என்று அவர் கேட்பார்; “இல்லம்மா” என்பார் அப்பா. ரிட்டயரான பிறகும் மாதத்துக்கு ஒரு தரம் மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். தபால் நிலையத்தில் புதிதாக வந்த பையனிடம் விசாரித்துவிட்டுத்தான் போவார். இனி அந்த மகனிடமிருந்து கடிதம் வரப்போவதில்லை என்று மூன்று பேருக்குமே தெரியும். அந்தப் பையன்கூட ஒரு தடவை, “ஐயா, போன்ல சொல்லிடலாமே?” என்றானாம். அப்பா அவனை முறைத்திருக்கிறார்.

விழுப்புரம்

பக்கவாதம் வந்ததும் அப்பாவையும் அம்மாவையும் என் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். ரயில்வே லைன் ஓரத்து வீடு. ரயில் போகும்போது ஜன்னல் அதிரும். அப்பாவுக்குக் கேட்கிற காதும் மந்தமாகிவிட்டது. ஆனால் அதிர்வு தெரியும். ஒவ்வொரு ரயிலுக்கும் தோளைக் குறுக்கி, தலையைக் குனிந்துகொள்வார். முதலில் அதை நோயின் கோளாறு என்று நினைத்தேன். அம்மாதான் சொன்னாள், இலங்கையிலிருந்து வந்த புதிதில் தீபாவளி வெடிக்கு அப்படித்தான் குனிவார் என்று. கட்டிலை உள் அறைக்கு மாற்றினோம். அங்கேயும் கொஞ்சம் அதிரத்தான் செய்தது.

வந்த மாதமே அப்பா, தன்னால் இனிமேல் வர முடியாது என்று அந்த அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டு வா என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். நாகேஸ்வரியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். மெலிந்த, நிமிர்ந்த உடம்பு. உப்பளத்தில் வெடித்த பாதங்கள்.

“சவரிமுத்துவின்ர மகளோ? அவருக்கு என்ன?”

சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

“பிள்ளை, நான் அவரை மன்னிக்கேல்லை. அவருக்கும் அது தெரியும். பாத்துக்கொள்ளுங்கோ. படுக்கைப்புண் வராமல் திருப்பித் திருப்பிப் படுக்க விடுங்கோ.”

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அப்படியே சொன்னேன். மன்னிக்கவில்லை என்பதையும் சேர்த்து. தலையை ஆட்டினார். அதில் அவருக்கு ஏமாற்றம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆடி மாதத்தில், நான் பள்ளிக்குப் போயிருந்தபோது அப்பா போய்விட்டார். அம்மா கஞ்சி ஆற்றிக்கொண்டு வருவதற்குள்.

திண்டிவனத்தில்தான் அடக்கம். பழைய பட்டாளத்துக்காரர்கள் சிலர் கொடி கொண்டுவந்திருந்தார்கள். அம்மா அவர்களைக் கும்பிட்டு, “வேணாங்கய்யா. போர்த்த வேணாம்னு சொல்லிட்டாரு” என்றாள். அவர்கள் வருத்தப்பட்டார்கள். ஆனாலும் போகாமல், கடைசிவரை வெயிலில் நேராக நின்றார்கள். முகாமுக்கு போனில் தகவல் சொன்னோம். அன்று அங்கே ஆள் சரிபார்க்கிற நாள். யாரையும் வெளியே விடமாட்டார்கள்.

கல்லறைத் தோட்டம்

முப்பதாம் நாள் பூசை முடிந்து நானும் அம்மாவும் கல்லறைக்குப் போனோம். சிமென்ட் இன்னும் பூசவில்லை. மண் மேடுதான். அம்மா மெழுகுவர்த்தியைக் காற்றில் ஏற்றப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோட்டத்து வாசலில் ஒரு சின்னப் பெண்ணோடு நாகேஸ்வரி நின்றுகொண்டிருந்தார். பெண் முகாமில் பக்கத்து வீட்டுக்காரர்களின் பேத்தியாம்; பஸ்ஸில் துணைக்கு வந்திருக்கிறாள். நாகேஸ்வரி கையில் பூ இல்லை, ஒன்றுமில்லை.

“இவங்கதான்மா” என்றேன்.

அம்மா எழுந்து நின்றாள். இருபது வருடத்துக்கு மேலாக அந்தப் பெயரை வீட்டில் சொல்லவிடாதவள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாங்க என்று அம்மா சொல்லவில்லை. நாகேஸ்வரியும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. நேராக மேட்டருகே வந்து கேட்டார்.

“தலைமாடு எந்தப் பக்கம்?”

காட்டினேன்.

தலைமாட்டில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த மண்ணின் மேல் இரண்டு கையையும் அகல விரித்து வைத்து, பெருங்குரலெடுத்து அழ ஆரம்பித்தார்.

“இஞ்சாருங்கோ… இஞ்சாருங்கோ…”

அவர்கள் ஊரில் பெண்கள் புருஷனைக் கூப்பிடுகிற வார்த்தை அது. என்னங்க என்று நாம் கூப்பிடுவது போல. அம்மாவுக்கும் அர்த்தம் புரிந்துவிட்டது. அவள் கை என் கையை இறுக்கிப் பிடித்தது. தன் புருஷன் மண்ணுக்கு முன்னால் வேறொருத்தி அப்படி அழுவதைப் பார்த்தால் யாருக்கும் திக்கென்றுதான் இருக்கும். நான் முன்னால் போக ஒரு அடி எடுத்து வைத்தேன்.

அதற்குள் நாகேஸ்வரி அடுத்த பெயரைச் சொன்னார்.

“சுதன்… என்ர ராசா… எங்கையடா கிடக்கிறாய்…”

அம்மா என்னைப் பிடித்து நிறுத்தினாள்.

“போவாத. அவங்க நம்ப ஆளுக்கு அழல.”

அவருக்கு உட்கார்ந்து அழ ஒரு மேடு இருந்ததில்லை. புருஷனைப் புதைத்த இடம் தெரியாது. மகன் விழுந்த இடம் தெரியாது. இத்தனை வருடத்தில் இங்கே அவருக்குத் தெரிந்த ஒரே கல்லறை என் அப்பாவுடையதுதான். அதில் கையை வைத்துக்கொண்டு, தன் இரண்டு பேருக்கும் சேர்த்து அழுது தீர்த்தார். அப்பா பெயரை ஒரு தரம்கூடச் சொல்லவில்லை.

நானும் அம்மாவும் அந்தப் பெண்ணும் வாசலில் போய் நின்றுகொண்டோம். கல்லறைத் தோட்டக்காரர் என்ன ஏது என்று பார்க்க வந்தார். அம்மா அவரைத் தடுத்து, “நம்ப ஜனந்தான். அழட்டும், விடு” என்றாள்.

வெயில் இறங்கிய பிறகு நாகேஸ்வரி எழுந்து வந்தார். கையில் மண் ஒட்டியிருந்தது. தட்டிவிடவில்லை. அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

“இனியும் வரலாமோ?”

அம்மா மேட்டைத் திரும்பிப் பார்த்தாள். மெழுகுவர்த்தி எப்போதோ அணைந்திருந்தது.

“வாங்க” என்றாள். “நான் இருந்தாலும் இல்லன்னாலும் வாங்க.”